‘பற்றரி முடிஞ்சி’: காருக்குள் அறுந்த பேச்சும் கரையோரக் கராஜ்களும்

ஆலையடிவேம்பில் வாடகைக்குக் கார் ஓட்டும் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். நாற்பதைத் தாண்டியவர். லீசிங்கில் எடுத்த பழைய ஜப்பானிய ஹைபிரிட் கார். கோளாவில், பனங்காடு, தம்பிலுவில் பக்கமிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் நோயாளர்களை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய பிரதான வருமானம். போக அறுபது கிலோமீற்றருக்கு மேல், வர அதேயளவு. ஒருநாள் விடியற்காலை, கல்முனை தாண்டும்போது, ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கார் இழுவை குறைந்து ஓரமாக நின்றுவிட்டது. பின்சீட்டில் இருந்த அம்மாவை வேறொரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்.

முதலாவது கராஜில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். “என்ன காக்கா சொல்லுது?” என்று இவர் கேட்க, “பற்றரி முடிஞ்சி தம்பி. மாத்தினாத்தான் சரி” என்று பதில் வந்தது. இரண்டாவது கராஜிலும் அதே பதில். மறுசீரமைத்த பற்றரி ஒன்றுக்குச் சொல்லப்பட்ட விலை மூன்றரை இலட்சம். லீசிங் தவணைக்குப் பதினொரு நாள் இருந்தது. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைப்பதென்று வீட்டில் பேசி முடித்தாயிற்று.

அடகு வைக்கவில்லை. வளைகுடா நாடொன்றில் வாகனப் பட்டறையில் வேலை செய்து திரும்பிய இளைஞர் ஒருவர், பற்றரியைத் தொடுவதற்கு முன் ஸ்கேனரில் வந்த எழுத்தைத் திரும்பப் பார்த்தார். பிறகு பின்சீட்டைத் தூக்கி, பற்றரிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் கனெக்டரைக் கழற்றினார். உள்ளே இரண்டு முனைகள் பச்சை பூத்திருந்தன. முந்தைய மாரியில் வெள்ளம் தேங்கிய வீதியால் ஓட்டியபோது உள்ளே வந்த தண்ணீர், மாதக்கணக்கில் அங்கே இருந்து வேலை பார்த்திருக்கிறது. முனைகளை மாற்றி, வயர்த் துண்டொன்றைப் புதிதாகப் போட்டதற்கு அவர் வாங்கிய கூலி ஆறாயிரம் ரூபா.

இது ஒரு ஆளின் அதிர்ஷ்டக் கதையாக முடிந்திருந்தால் இங்கே எழுதத் தேவையில்லை. கிழக்குக் கரையோரத்தில் ஹைபிரிட் காரும் மின்சாரக் காரும் பெருகிவரும் இந்த நேரத்தில், ‘பற்றரி முடிந்தது’ என்ற தீர்ப்பு எத்தனை வீடுகளில் தவறாக வழங்கப்படுகிறது என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. அந்தத் தீர்ப்பு எப்படித் தவறாகிறது என்பதை மட்டும் தெளிவாக விளங்கிக்கொள்ள முடியும்.

அந்தக் கார் ஸ்கேனரில் காட்டிய குறி யூ0111. வாகனப் பழுதுக் குறிகளின் முதலெழுத்துக்கு அர்த்தம் உண்டு. பி என்று தொடங்கினால் இயந்திரமும் இயக்கத் தொகுதியும். சி என்றால் பிறேக், ஸ்டியரிங் போன்ற அடிப்பகுதி. யூ என்று தொடங்கினால் அது எந்த உறுப்பின் பழுதும் அல்ல, உறுப்புகளுக்கிடையிலான தொடர்பின் பழுது. யூ0111 என்பதன் நேர்ப்பொருள் ‘பற்றரிக் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் தொடர்பு இழக்கப்பட்டது’ என்பதுதான். அதாவது, பற்றரி கெட்டது என்று கார் சொல்லவேயில்லை. பற்றரியின் குரல் எனக்குக் கேட்கவில்லை என்றுதான் சொன்னது. தொலைபேசி எடுக்காத ஆளை இறந்துவிட்டார் என்று முடிவுகட்டுவது எப்படியோ, அப்படித்தான் அந்த இரண்டு கராஜ்களும் முடிவுகட்டியிருக்கின்றன. தொலைபேசி எடுக்காத உறவினருக்காக முகாம் வாசல்களில் நின்ற எமக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைய காருக்குள் இருப்பது ஒரு கணினி அல்ல. இயந்திரத்துக்கு ஒன்று, பிறேக்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று, பற்றரிக்கு ஒன்று என்று பத்து இருபது சிறு கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் மற்றொன்றுக்குத் தனித்தனி வயர் இழுத்தால் காரே வயர்க் கட்டாகிவிடும். அதனால் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1983 இல் ஒரு வழியை உருவாக்கத் தொடங்கி, 1986 இல் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் அறிமுகப்படுத்தியது. அதன் பெயர் கேன். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே வயர்கள். எல்லாக் கணினிகளும் அந்த இரண்டு வயர்களில்தான் பேசும், எல்லாம் எல்லாவற்றையும் கேட்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு இலக்கம் உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் சிறிய இலக்கம் உடைய செய்திக்குத்தான் முதலிடம், மற்றது பொறுத்திருக்கும்.

பற்றரிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இந்த வயர்களில் ஒரு செக்கனுக்குப் பல தடவை தன் நிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எத்தனை வோல்ற், எத்தனை அம்பியர், எவ்வளவு சூடு, எவ்வளவு மின்னேற்றம் மிச்சம். அந்தக் குரல் சிறிது நேரம் கேட்காமல் போனால் வாகனத்தின் பிரதான கட்டுப்பாட்டுக் கணினி மோசமானதை நினைத்துக்கொள்ளும். பற்றரி சூடேறி எரியப்போகிறதா, நன்றாக இருக்கிறதா என்று தெரியாத நிலையில் உயர் மின்னழுத்த ரிலேயைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இது சரியான முடிவு. காரின் முடிவு சரி. அதை மனிதர் வாசித்த விதத்தில்தான் பிழை.

தொடர்பு அறுந்ததா, பற்றரி கெட்டதா என்று பிரித்தறிய பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒழுங்கு தேவை.

முதலில் பார்க்க வேண்டியது பெரிய பற்றரியை அல்ல, சின்னப் பற்றரியை. முழு மின்சாரக் காரிலும் ஒரு சாதாரண 12 வோல்ற் பற்றரி இருக்கிறது. எல்லாக் கணினிகளும் உயிர்வாழ்வது அதில்தான். அது நன்கு ஏறியிருந்தால் ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் காட்டும். 12 இற்குக் கீழே போய்விட்டால் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறி, ஒன்று மற்றொன்றைக் காணவில்லை என்று முறையிடத் தொடங்கும். ஸ்கேனரில் ஒரே நேரத்தில் எட்டுப் பத்து யூ குறிகள் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தச் சின்னப் பற்றரியையும் அதன் முனைகளையும் உடலோடு சேரும் ஏர்த் வயரையும்தான். பல இலட்சம் பெறுமதியான தீர்ப்பு சில ஆயிரம் ரூபாப் பொருளில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது, ஒரு கணினியை மட்டும் கேட்காமல் எல்லாக் கணினிகளையும் கேட்பது. ஊர் வழக்கொன்றை விசாரிப்பதுபோலத்தான். எல்லோரும் ‘பற்றரிப் பெட்டியைக் காணவில்லை’ என்கிறார்களா? அப்படியென்றால் பற்றரிப் பெட்டியே ஊமையாகியிருக்கிறது. அதற்குப் போகும் பியூஸ், மின்சாரம், ஏர்த், கனெக்டர் என்று தேட வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் காணவில்லை என்று சொல்ல, மற்றவர்கள் கேட்கிறது என்கிறார்களா? பழுது முறையிட்டவர் பக்கத்தில். எல்லோரும் எல்லோரையும் காணவில்லை என்றால் அந்த இரண்டு வயர்களே எங்கோ ஒட்டிக்கொண்டோ அறுந்தோ இருக்கின்றன. குறிகளை அழிப்பதற்கு முன் இவை அனைத்தையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எமது கராஜ்களில் அதிகம் நடக்கும் பிழை, முதல் வேலையாகக் குறியை அழித்துவிட்டு ‘திரும்ப வருதா பாப்பம்’ என்பது. அழித்ததோடு சாட்சியும் போய்விடும்.

பிறகு மல்ரிமீற்றர். ஸ்கேனர் செருகும் ஓ.பி.டி. துளைகளில் 6ஆவதும் 14ஆவதும் கேன் வயர்கள். காரை நிறுத்தி, 12 வோல்ற் பற்றரியைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டுக்கும் இடையில் தடையை அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் வர வேண்டும். காரணம், வயரின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 60. மீற்றர் 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்டவாகக் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. பற்றரியை மீண்டும் மாட்டி, கார் விழித்திருக்கும்போது வோல்ற் பார்த்தால் இரண்டு வயரும் 2.5 வோல்ற்றைச் சுற்றியிருக்கும், ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. சில கார்களில் பற்றரிக்கென்று தனியான கேன் வயர்கள் வேறு துளைகளில் இருக்கும். நிசான் லீஃபில் அவை 12, 13. அதைத் தெரியாமல் 6, 14 ஐ மட்டும் அளந்துவிட்டு ‘வயர் எல்லாம் நல்லம், பற்றரிதான்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் உயர் மின்னழுத்தத்தைத் தொடாமலே செய்யக்கூடியவை. தேவைப்படுவது சில ஆயிரம் ரூபா மீற்றரும் அரை மணி நேரப் பொறுமையும்.

பற்றரிப் பெட்டியைத் திறந்தால்தான் ஆபத்து தொடங்குகிறது. ஆனால் அங்கும் ஒரு பேச்சுப் பழுது ஒளிந்திருக்கிறது. ரொயோட்டா பிரியஸின் பழைய மாதிரிகளில் 7.2 வோல்ற் தொகுதிகள் 28 சேர்ந்து 201.6 வோல்ற் பற்றரி. அவற்றை இரண்டிரண்டாக, 14 கூட்டங்களாக, மெல்லிய வயர்கள் வழியே கட்டுப்பாட்டுப் பெட்டி அளக்கிறது. பதின்மூன்று கூட்டங்கள் 15.5 வோல்ற்றும் ஒன்று மட்டும் மிகக் குறைவாகவும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூட்டம் செத்துவிட்டது என்று உடனே நினைக்கத் தோன்றும். ஆனால் முழுப் பற்றரியின் மொத்த வோல்ற்றை இன்வேட்டர் தனியாக அளக்கிறது. அங்கே 217 அளவில் காட்டினால், 14 கூட்டமும் 15.5 வீதம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். பிழை அந்த மெல்லிய வயரில், அல்லது அது இறுக்கப்பட்ட செப்புப் பட்டியில் ஏறிய களிம்பில். இதே களிம்பு சிலவேளைகளில் பி0ஏ80 என்ற குறியை எழுப்பும். அந்தக் குறியின் அதிகாரபூர்வப் பெயரே ‘ஹைபிரிட் பற்றரியை மாற்றவும்’ என்பது. பழுதின் பெயரே தீர்ப்பாக எழுதப்பட்டிருந்தால் வாசிப்பவர் வேறு எதை நினைப்பார்?

கரையோரத்தில் இந்தச் சந்தேகத்துக்கு இன்னும் அதிக இடமுண்டு. உப்புக்காற்று செப்பை விடாது. மாரியில் ஒவ்வொரு வருடமும் வீதிகள் தண்ணீருக்குள் போகின்றன. 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறைக் கரையோரம் பட்ட பாட்டை எவரும் மறக்கவில்லை. பல ஹைபிரிட் கார்களில் பற்றரி பின்சீட்டுக்கு அடியிலோ பின்புறத்திலோ இருக்கிறது. அதே இடத்தில்தான் நாம் மீன் பெட்டியையும் ஐஸ் தண்ணீரையும் வைக்கிறோம். அறுவடை முடிந்த காலத்தில் வயல் எலி வீட்டுக்கு வந்து, வீட்டிலிருந்து காருக்குள் ஏறி வயர் கடிக்கிறது. ஜப்பானில் பத்து வருடம் ஓடிய கார் ஒன்று சாகாம வீதியில் இரண்டு மாரி ஓடினால் அதன் கனெக்டர்களுக்கு என்ன நடக்கும் என்று அதை வடிவமைத்தவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

கராஜ்காரர்களைக் குற்றம் சொல்வது இலகு. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் பார்த்துப் பழகியவர்கள். யுத்த காலத்தில் தொழிற்பயிற்சிக்குப் போக வேண்டிய வயதில் இடம்பெயர்ந்து திரிந்தவர்களும், சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாமல் ஊருக்குள் முடங்கியவர்களும் அவர்களில் உண்டு. ஆலையடிவேம்பிலிருந்து அக்கரைப்பற்றுப் பட்டறைக்கு வேலை பழகப் போவதும், அங்கிருந்து இங்கு வருவதும்கூட நின்றுபோன வருடங்கள் இருந்தன. இன்று அந்த எல்லையைக் கராஜ்கள்தான் முதலில் மறந்திருக்கின்றன. தமிழருடைய கார் காக்காவின் பட்டறையிலும், முஸ்லிம் ஆசிரியரின் கார் தமிழ் எலெக்ட்ரீசியனிடமும் நிற்பது சாதாரணக் காட்சி.

பழுது பார்க்கும் திறமை எம்மிடம் இல்லாமல் இருந்ததுமில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வடக்குக்கு டோர்ச் பற்றரிகூடப் போகாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். அன்று தடை, வெளியே இருந்து வந்தது. பொருள் கையில் கிடைத்தால் அதைத் திறந்து பார்த்து விளங்கிக்கொள்ள முடிந்தது. இன்று பொருள் கையில் இருக்கிறது. ஆனால் அது பேசும் மொழியைக் கேட்க உற்பத்தியாளரின் அனுமதி வேண்டும்.

இணையத்தில் மலிவாக வாங்கும் ஸ்கேனர்கள் பொதுவாக இயந்திரமும் புகையும் சம்பந்தப்பட்ட பொதுக் குறிகளை மட்டுமே வாசிக்கும். பற்றரிப் பெட்டிக்குள் போக, நிசானுக்குக் கொன்சல்ட், ரொயோட்டாவுக்கு ரெக்ஸ்ட்ரீம் என்று உற்பத்தியாளரின் சொந்தக் கருவிகள் இருக்கின்றன. லீஃபுக்கு ஆர்வலர்கள் உருவாக்கிய லீஃப் ஸ்பை என்ற செயலி கைத்தொலைபேசியிலேயே 96 கலச் சோடிகளின் வோல்ற்றையும் காட்டும். அது ஒரு விதிவிலக்கு. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக் காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கிறது. சில கார்களில் வேறொரு காரின் பற்றரியைப் பூட்டினால், கட்டுப்பாட்டுக் கணினியில் அதைப் பதிவு செய்யும்வரை கார் ஏற்றுக்கொள்ளாது. நல்ல பற்றரி, நல்ல கார், இடையில் ஒரு பூட்டு. திறப்பு இருப்பது கொழும்பில்.

இந்தப் பின்னணியில் நாட்டில் நடந்துவருவதைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்து வருடங்களுக்குப் புதிய கார்கள் வராததால், ஏற்கனவே இருந்த ஹைபிரிட் கார்கள் வயதாகிக்கொண்டே கைமாறின. நகரத்தில் முதல் சொந்தக்காரர் அனுபவித்த கார், பழுது தொடங்கும் வயதில் எமது பிரதேசங்களுக்கு லீசிங்கில் வந்தது. 2022 இல் எரிபொருள் வரிசையிலும் கியூ.ஆர். பங்கீட்டிலும் பட்ட அனுபவம், மின்சாரத்தில் ஓடும் எதையும் கவர்ச்சியாக்கியது. அதே வருடம், உத்தியோகபூர்வ வழியில் பணம் அனுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு மின்சாரக் கார் இறக்குமதி அனுமதி என்றொரு திட்டமும் அறிவிக்கப்பட்டது. வளைகுடாவில் உழைப்பவர்கள் வீட்டுக்கொருவர் இருக்கும் இந்தக் கரையோரத்தில் அது பெரும் பேச்சானது. பின்னர் அதில் முறைகேடுகள் நடந்ததாக விசாரணைகள் வந்தன. 2025 பெப்ரவரி முதல் தனிப்பட்ட வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட, சீன மின்சாரக் கார்கள் வரத் தொடங்கின.

அந்த வருடமே நடந்த ஒரு பிணக்கு எமது விடயத்துக்கு நேரடியாக வருகிறது. பி.வை.டி. மின்சாரக் கார்கள் ஆயிரத்துக்கு நெருக்கமான எண்ணிக்கையில் சுங்கத்தில் தடுத்து வைக்கப்பட்டன. மோட்டாரின் வலு 100 கிலோவாற் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அது 150 கிலோவாற் மோட்டாராக இருக்கலாம் என்று சுங்கத் திணைக்களம் சந்தேகித்தது. மின்சாரக் கார்களுக்கான வரி மோட்டாரின் கிலோவாற் அளவில் தங்கியிருப்பதால் வித்தியாசம் பெரிது. விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், வங்கி உத்தரவாதத்தின் பேரில் கார்கள் விடுவிக்கப்பட்டன. யார் சொன்னது சரி என்பது இங்கே என் கேள்வியல்ல. ஒரு மோட்டாரின் வலுவை மென்பொருளே மட்டுப்படுத்த முடியும் என்பதால், கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ முடிவு சொல்ல முடியாத நிலை ஒரு நாட்டின் சுங்கத்துக்கே ஏற்பட்டது. அரச திணைக்களமே அந்த நிலையில் நின்றால், ஆலையடிவேம்பில் ஒரு ஆள் தன் காரைப் பற்றி எதை நிரூபிக்க முடியும்?

வேறு நாடுகள் இதைச் சட்டத்தால் கொஞ்சம் திறந்திருக்கின்றன. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் 2012 இலேயே, உற்பத்தியாளர்கள் தம் முகவர்களுக்குக் கொடுக்கும் பழுதறியும் தகவலைச் சுயாதீன கராஜ்களுக்கும் நியாயமான விலையில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. தென்னாபிரிக்காவில் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த போட்டி ஆணைக்குழுவின் வழிகாட்டல்கள் சுயாதீன கராஜ்களுக்கு இடம் கொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டு பற்றரி ஒழுங்குவிதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. மின்சாரக் காரின் பற்றரி எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கான தரவு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், அதை வாங்கியவர் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2024 ஓகஸ்ட் 18 முதல் அது கட்டாயப்படுத்துகிறது.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. பழுது பார்க்கும் தகவலைக் கொடு என்று கேட்க அது போதாது. ஆனால் வாகனங்களைப் பெரும்பாலும் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு ஒரு வசதியும் உண்டு. வாசலிலேயே நிபந்தனை போடலாம். ஒரு மாதிரி காரை இறக்குமதி செய்யும் முகவர் அதன் பழுதுக் குறி விளக்கங்களையும் வயரிங் வரைபடங்களையும் நாட்டின் எந்தக் கராஜுக்கும் கட்டணத்தோடாவது கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சொல்வதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை. வரிப்பணம் எவ்வளவு கிடைக்கும் என்று மட்டுமே வாகன இறக்குமதியைப் பார்க்கும் பழக்கம் மாற வேண்டும். அதுதான் கடினம் என்பது என் கணிப்பு.

பயிற்சியைப் பொறுத்தவரை எமக்கு நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. அக்கரைப்பற்றிலிருந்து சில கிலோமீற்றரில், ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவகம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். ஆனால் இருபது வருடமாகக் கராஜ் நடத்தும் ஒருவர் மூன்று வருடப் பாடநெறிக்குப் போக மாட்டார். அவருக்கு வேண்டியது தமிழில் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள், பழைய ஹைபிரிட் கார் ஒன்று, வேண்டுமென்றே அறுத்துவிட்ட வயர்கள், அவற்றைக் கண்டுபிடிக்கும் வேலை. ஆலையடிவேம்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் தனித்தனியாக நடத்த முயன்றால் இரண்டும் பாதியில் நிற்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பிரதேச செயலகங்கள் இரண்டு, கார்களின் பழுது ஒன்று.

இதில் மறுபக்க ஆபத்து ஒன்று இருக்கிறது. தொடர்புப் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் அதைச் சுற்றிப் போகப் பார்ப்பார். உணரியைக் குறுக்கே இணைத்து ஏமாற்றுவது, கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தவிர்த்துவிட்டு ஓடவிடுவது போன்றவை. 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் வேலூரில், வீட்டில் மின்னேற்றிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்த வருடத்தின் தொடர் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் இந்தியா ஏ.ஐ.எஸ். 156 என்ற பற்றரிப் பாதுகாப்பு நியமத்தைக் கடுமையாக்கி, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கான நிபந்தனைகளையும் அதில் சேர்த்தது. காரை நிறுத்திவைக்கும் கணினி தொல்லை கொடுப்பதற்காக நிறுத்துவதில்லை. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடுவதற்கு முன் சேவிஸ் பிளக்கைக் கழற்றி, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, ஆயிரம் வோல்ற் தாங்கும் கையுறை போட்டிருக்க வேண்டும். அது இல்லாத கராஜில் பற்றரிப் பெட்டியைத் திறக்க எவரும் அனுமதிக்க வேண்டாம்.

கார் வைத்திருப்பவர், பற்றரி போய்விட்டது என்று சொல்லப்படும்போது கேட்கக்கூடியவை சில உண்டு. குறியின் முழு இலக்கம் என்ன, பி இல் தொடங்குகிறதா யூ இல் தொடங்குகிறதா? வேறு எந்தக் கணினிகள் குறி வைத்திருக்கின்றன? சின்னப் பற்றரியின் வோல்ற் என்ன? இரண்டு கேன் வயருக்கிடையில் எத்தனை ஓம்? குறிகள் இருந்த திரையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அழிப்பதற்கு முன். பதில் சொல்ல முடியாதவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அவரிடம் மூன்றரை இலட்சம் கொடுப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டலாம் என்று மட்டும் அர்த்தம்.

அந்தச் சாரதியின் கார் மூன்றாம் நாளே மட்டக்களப்பு வீதியில் மீண்டும் ஓடியது. பச்சை பூத்த இரண்டு முனைகளையும் சின்ன பொலித்தீன் பையில் போட்டு டேஷ்போட்டுக்குள் வைத்திருக்கிறார். முதலாவது கராஜ் காக்காவிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார், சண்டை பிடிக்க அல்ல. அவர் நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத எப்படிக் கண்டுபிடிச்ச தம்பி அவன்? அவன்ட நம்பரத் தாங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம்.